டிவிடி ரைட்டர் வாங்கும்போது விடுகிற பிழைகள்

போன மாதம் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு தம்பி வந்தார். ஒரு கையில் புது டிவிடி ரைட்டர், மறு கையில் பாதியில் நின்றுபோன ஏழு இறுவட்டுகள். "அண்ணன், வட்டெல்லாம் போலி போல. ஒண்டும் முடியுதில்ல" என்றார். நான் வட்டுகளைத் தொடவில்லை. ரைட்டரைக் கவிழ்த்து அடியில் ஒட்டியிருந்த லேபலைத்தான் பார்த்தேன். 2012இல் நான் செய்த அதே பிழை.

வட்டைக் கீறாதீர்கள், தூசி படிய விடாதீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கரண்டைப் பார்க்காமல் வாங்குவது

யூஎஸ்பியில் செருகும் மெல்லிய ரைட்டருக்குத் தனி அடாப்டர் இல்லை. கணினியின் போர்ட் கொடுக்கும் கரண்டிலேயே அது சுழல வேண்டும், லேசரையும் எரிக்க வேண்டும். யூஎஸ்பி 2.0 போர்ட்டுக்கு விதிக்கப்பட்ட அளவு 500 மில்லிஆம்பியர், 3.0 போர்ட்டுக்கு 900. ஆனால் பல ரைட்டர்களின் அடியில் 5 வோல்ட்டுக்குப் பக்கத்தில் 1 ஆம்பியருக்கு மேற்பட்ட எண் இருக்கும். வட்டு சுழலத் தொடங்கும்போதும் எழுதும்போதும் அது கேட்கக்கூடிய கரண்ட் அது.

படிப்பதற்கு அவ்வளவு வேண்டாம். அதனால்தான் கடையில் ஒரு படத்தைப் போட்டுக் காட்டினால் அழகாக ஓடும். வீட்டுக்குக் கொண்டுவந்து எழுதும்போதுதான் வினை. 'விர்' என்று வேகம் ஏறும், கொஞ்ச நேரத்தில் சத்தம் தாழும், 'டிக்' என்று ஒன்று கேட்கும், விளக்கு அணைந்து மறுபடி எரியும். திரையில் பிழைச் செய்தி வந்து நிற்கும். உடனே வட்டைத்தான் குறை சொல்வோம். வேறு கம்பனி வட்டு வாங்குவோம், அதுவும் பாழாகும்.

பாதியில் நின்றால்கூடப் பரவாயில்லை, வட்டு மட்டும்தான் நட்டம். எனக்கு நடந்தது வேறு. வந்தாறுமூலைப் பக்கம் ஒரு வடமோடிக் கூத்தை இரவு முழுக்கப் பதிவு செய்திருந்தேன். அடுத்த வாரம் ஒரு கலியாண வீட்டுக்கு மெமரி கார்ட் தேவைப்பட்டதால், கூத்தை ஐந்து வட்டுகளில் எழுதினேன். கடைசி வட்டு இரண்டு தரம் நின்றது. மூன்றாம் தரம் 'முடிந்தது' என்று காட்டியது. போட்டுப் பார்த்தேன், முதல் சில நிமிடங்கள் ஓடின. கார்டை அழித்துவிட்டேன்.

வட்டு உள்பக்கத்திலிருந்து விளிம்பை நோக்கித்தான் எழுதப்படும். தொடக்கம் ஓடுவதால் முடிவும் இருக்கிறது என்று அர்த்தமில்லை. சில மாதம் கழித்து கூத்தைப் பழக்கிய அண்ணாவியாரின் வீட்டார் கேட்டபோது போட்டால், நடுவில் படம் சதுரம் சதுரமாக உடைந்து அப்படியே நின்றது. விடியற்காலையில் அவர் மத்தளத்தோடு பாடிய பகுதி முழுக்க அந்த வட்டில்தான் இருந்தது. அவர் இப்போது இல்லை. அந்த வட்டை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதனால்தான் "யூஎஸ்பிதானே, எதில செருகினாலும் ஒண்டுதான்" என்று யாராவது சொல்லி விற்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. ஒன்றல்ல. கேசிங்கின் முன்பக்க போர்ட்டுக்கு மதர்போர்டிலிருந்து மெல்லிய வயர் வருகிறது, அதில் வோல்ட் இறங்கும். பின்பக்க போர்ட்டுகள் மதர்போர்டிலேயே இருப்பவை, அங்கே செருகுங்கள். நீட்டிப்பு வயர் வேண்டாம், அடாப்டர் இல்லாத ஹப்பும் வேண்டாம். வாங்கும்போதே லேபலைப் படியுங்கள். இரண்டு போர்ட்டிலிருந்து கரண்ட் எடுக்கும் இரண்டு தலை வயரோ, தனி அடாப்டர் செருகும் துளையோ இருக்கிறதா என்று கேளுங்கள்.

மேசைக் கணினியின் கேசிங்கில் 5.25 அங்குல இடம் இருந்தால், என் வாக்கு உள்ளே பூட்டும் சாட்டா (மதர்போர்டோடு நேரே இணைக்கும் வகை) ரைட்டருக்குத்தான். பவர் சப்ளையிலிருந்தே நேராக 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் எடுக்கும். இந்தத் தொல்லையே இல்லை.

தம்பியின் ரைட்டரை இரண்டு தலை வயரால் பின்பக்கம் செருகினோம். எட்டாவது வட்டு முடிந்தது. அப்புறம், எழுதியதைச் சரிபார்க்கும் வேலையும் முடியும் வரை அவரை எழும்ப விடவில்லை. எழுதும் மென்பொருட்கள் பலவற்றில் அதற்கு ஒரு சிறு கட்டம் உண்டு, அதில் சரி போட்டுவிடுங்கள். நேரம் கூடுதலாக எடுக்கும், எடுக்கட்டும்.

புளூ-ரே என்ற சொல்லை நம்புவது

பெட்டியில் புளூ-ரே சின்னம் இருக்கும். உள்ளே இருப்பது சிலவேளை புளூ-ரேயைப் படிக்க மட்டும் தெரிந்த டிரைவ். எழுதுவது சீடி, டிவிடி மட்டும்தான். ஒரு வட்டில் 25 ஜிபி எழுதலாம் என்ற எண்ணத்தோடு காசைக் கூட்டிக் கொடுத்துவிட்டு, 4.7 ஜிபியில் வந்து நிற்பீர்கள். சின்னத்துக்குக் கீழே பிடி-ஆர், பிடி-ஆர்இ (எழுதக்கூடிய புளூ-ரே வட்டுகள்) என்று எழுதும் வேகம் போட்டிருந்தால்தான் அது ரைட்டர்.

24 எக்ஸுக்குக் கூடக் கொடுப்பது

எக்ஸ் என்பது எழுதும் வேகத்தின் மடங்கு. 24 எக்ஸ் வேகம் வட்டின் விளிம்புக்குக் கிட்டப் போனால்தான் வரும். மெல்லிய ரைட்டரின் 8 எக்ஸோடு பார்த்தால், ஒரு வட்டுக்கு மிச்சமாவது சில நிமிடம்.

ஐடிஇ ரைட்டர் மலிவு என்று எடுப்பது

ஐடிஇ என்பது சாட்டாவுக்கு முந்திய பழைய இணைப்பு. அதன் அகல நாடா வயரைச் செருகப் புது மதர்போர்டில் இடமே இல்லை.

லேப்டொப்பில் கழற்றிய ரைட்டர்

சாட்டாதான், ஆனால் அதன் பவர் பின் சிறியது. மாற்று இணைப்பி இல்லாமல் மேசைக் கணினியில் பூட்ட முடியாது.