பழைய மீடியம் ஃபார்மட் டிஜிட்டல் கேமரா: செட்டிநாட்டில் படம் எடுப்பவர்கள் வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர் பக்கம் பெரிய வீடுகளைப் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு கட்டத்தில் மீடியம் ஃபார்மட் ஆசை, அதாவது சாதாரண கேமராவைவிடப் பெரிய சென்சார் (படத்தைப் பதிக்கும் சில்லு) உள்ள கேமரா மேல் ஆசை, வந்துவிடுகிறது. ஹோட்டலாக மாறிய வீட்டுக்கு விளம்பரப் படம், கல்யாணத்துக்கு முன்பு எடுக்கும் ஜோடிப் படம் என்று வேலைகள் வரும்போது ஆசை இன்னும் கூடுகிறது. விலையும் தூண்டில் போடுகிறது. 2010-ல் வந்த பென்டாக்ஸ் 645டி அமெரிக்காவில் கிட்டத்தட்ட 10,000 டாலருக்கு விற்றது. இன்று அதில் ஒரு சின்னப் பங்குக்குக் கிடைக்கும். ஏன் இவ்வளவு இறங்கியது என்று கேட்காமல் பணத்தை எடுப்பதுதான் முதல் தவறு.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமானுக்கு வயது ஏற ஏற விலை ஏறும். டிஜிட்டல் கேமராவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. பேட்டரி, கேபிள், மென்பொருள் எல்லாம் கூடவே உயிரோடு இருந்தால்தான் சென்சாருக்கு மதிப்பு. அதனால் பாடி விலையை மட்டும் பார்க்காதீர்கள். லென்ஸ், ரெண்டு பேட்டரி, சார்ஜர், கார்டு, கார்டு ரீடர் எல்லாவற்றையும் கூட்டி ஒரு தொகை எழுதிவிட்டு அப்புறம் பேரம் பேசுங்கள்.

இதில் அதிகம் பேர் மாட்டிக்கொள்வது பேக் விஷயத்தில். பேக் என்பது பாடியிலிருந்து கழற்றி மாட்டக்கூடிய, சென்சார் உள்ள பின்பகுதி. ஃபேஸ் ஒன் பி45 பிளஸ் மாதிரியான பேக்குகள் ஹாசல்பிளாட் எச், ஹாசல்பிளாட் வி, மாமியா, கான்டாக்ஸ் என்று தனித்தனி மவுண்ட்களில் (பாடியோடு பொருந்தும் அமைப்பு) விற்கப்பட்டவை. மாமியா மவுண்ட் பேக் ஹாசல்பிளாட் பாடியில் உட்காராது. ஹாசல்பிளாட் எச் வரிசையில் எச்1, எச்2 பாடிகள் வேறு நிறுவனத்து பேக்குகளையும் ஏற்கும். எச்3டி வந்ததும் ஹாசல்பிளாட் அந்தக் கதவை அடைத்துவிட்டது. "எச்3டி பாடி மலிவாக வருகிறது, பேக் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று வாங்கினால், பிறகு பார்க்க ஒன்றும் இருக்காது. கான்டாக்ஸ் 645 அழகான கேமராதான். ஆனால் அதைத் தயாரித்த கியோசெரா அந்தத் தொழிலை விட்டு விலகியது 2005-ல். ரிப்பேருக்கு யார் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் அதில் இறங்க வேண்டாம்.

இன்னொன்று, சென்சார் அளவு. மீடியம் ஃபார்மட் என்ற பெயர் ஒன்றுதான், அளவு ஒன்றல்ல. பென்டாக்ஸ் 645டி, 645இசட், ஃப்யூஜிஃபில்ம் ஜிஎஃப்எக்ஸ் 50எஸ் மூன்றிலும் 44க்கு 33 மில்லிமீட்டர். ஃபுல் ஃப்ரேமைவிட (36க்கு 24 மில்லிமீட்டர் சென்சார்) பரப்பளவில் சுமார் 1.7 மடங்கு. ஹாசல்பிளாட் எச்3டி-39, பி45 பிளஸ் இரண்டும் 49க்கு 37. அது 2 மடங்குக்குக் கொஞ்சம் மேல். ஃபிலிம் காலத்து 645 ஃப்ரேம் இவை எல்லாவற்றையும்விடப் பெரியது. அதனால் அந்தக் காலத்து வைட் லென்ஸ் சின்ன சென்சாரில் அவ்வளவு வைடாகத் தெரியாது. 645டி-யில் 55 எம்எம் மாட்டினால் ஃபுல் ஃப்ரேம் கணக்கில் 43 எம்எம் மாதிரி. வளவின் (வீட்டு நடு முற்றம்) ஒரு மூலையில் நின்று எதிர்த் தூண் வரிசை முழுவதையும் அடக்க அது போதாது. 35 எம்எம் மாட்டினால்தான் 28 எம்எம் அளவுக்கு வரும். நல்ல வைட் லென்ஸ் சில நேரம் பாடியைவிட அதிக விலை சொல்லும்.

வெளிச்சம்தான் நம் ஊர் வீடுகளில் பெரிய சோதனை. வளவில் வெயில் கொட்டும், சுற்றியுள்ள அறைகள் பர்மா தேக்கோடு இருண்டு கிடக்கும். சிசிடி என்ற பழைய வகைச் சென்சார்கள் ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 50, 100-ல் அபாரம். பல மாடல்களில் 400-ஐத் தாண்டினால் நிழல் பகுதி நொறுங்கிவிடும். சென்சார் சூடானால் நாய்ஸ் (படத்தில் விழும் புள்ளிகள்) இன்னும் ஏறும். சித்திரை வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. 645டி-யில் லைவ் வியூவும் (பின் திரையில் பார்த்து எடுக்கும் வசதி) கிடையாது. இருட்டு அறையில் வியூஃபைண்டரைப் பார்த்துத்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ட்ரைபாட் வைத்து நிதானமாக வீடு எடுக்கிறவருக்கு இதெல்லாம் பிரச்சினை இல்லை. ராத்திரிக் கல்யாணத்துக்கு எடுத்துப் போகலாம் என்று நினைத்தால் சிக்கல். அந்த எண்ணம் இருந்தால் 2014 முதல் வந்த, சிமாஸ் என்ற புது வகைச் சென்சார் உள்ள மாடல்களைப் பாருங்கள். 645இசட் அந்த வருஷத்துக் கேமராதான். சிசிடி நிறத்துக்கு ஈடே இல்லை என்று சொல்லி விலை ஏற்றுவார்கள். என் கருத்தில், அந்த நிறத்தில் பாதிக்கு மேல் மென்பொருளின் கலர் ப்ரொஃபைல் செய்யும் வேலை.

மீடியம் ஃபார்மட் என்றாலே ஃப்ளாஷ் எந்த ஷட்டர் ஸ்பீடிலும் ஒத்துப்போகும் என்ற நம்பிக்கையும் தவறு. லென்ஸுக்குள்ளேயே ஷட்டர் இருக்கும் ஹாசல்பிளாட் எச் மாதிரியான கேமராக்களில்தான் 1/800 வினாடி போன்ற வேகம் வரை போகலாம். பென்டாக்ஸும் ஜிஎஃப்எக்ஸும் 1/125-ல் நின்றுவிடும். மதிய வெயிலில் வளவில் ஜோடியை நிறுத்திப் ஃப்ளாஷ் அடிக்கிறவருக்கு இந்த வித்தியாசம் பெரிது.

கண்டாங்கிச் சேலைக் கட்டம் பற்றியும் யோசியுங்கள். இந்தக் கேமராக்கள் பெரும்பாலானவற்றில் சென்சாருக்கு முன்னால் மென்மையாக்கும் வடிகட்டி கிடையாது. கூர்மை அதனால்தான் கிடைக்கிறது. அதே காரணத்தால் நெருக்கமான கோடு, கட்டங்களில் இல்லாத வண்ணப் பட்டைகள் முளைக்கும். நின்ற தூரத்தைக் கொஞ்சம் மாற்றியோ லென்ஸ் துவாரத்தை எஃப் 16 வரை மூடியோ சமாளிக்கலாம். ஜவுளிக்கடை வேலைதான் உங்கள் பிழைப்பு என்றால், வாங்கும் முன்பே ஒரு கண்டாங்கியை வைத்து எடுத்துப் பாருங்கள்.

விற்பவர் அனுப்பும் ஜேபெக்கை நம்பி முன்பணம் போடாதீர்கள். காரைக்குடியிலிருந்து விடியற்காலைப் பல்லவன் ரயிலைப் பிடித்தால் மதியம் சென்னையில் இருக்கலாம். சொந்த லேப்டாப்பும் கார்டும் கொண்டுபோங்கள். லென்ஸ் மூடியோடு 30 வினாடி எடுத்தால் கோளாறான பிக்சல்கள் (ஹாட் பிக்சல்) வெளிச்சப் புள்ளியாகத் தெரியும். எஃப் 16-ல் வானத்தை எடுத்தால் தூசி தெரியும். சாம்பல் நிறச் சுவரை எடுத்து மென்பொருளில் வெளிச்சத்தை ஏற்றிப் பாருங்கள்: பெரிய சிசிடிகள் பாகம் பாகமாகப் படிக்கப்படுவதால், சிலவற்றில் இடது பாதிக்கும் வலது பாதிக்கும் நிறம் வேறுபட்டு நடுவே கோடு விழும். அப்புறம் தரை ஓடு மாதிரி ஒழுங்கான வரிசை உள்ள எதையாவது நேராக எடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் லென்ஸை மாற்றி எடுங்கள். மங்கல் அதே பக்கம் நின்றால் கோளாறு பேக்கிலோ பாடியிலோ இருக்கிறது. உடனே எழுந்து வந்துவிடுங்கள். லென்ஸில் பூஞ்சை இருக்கிறதா என்று செல்போன் டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்துப் பாருங்கள். மர பீரோவில் வருஷக்கணக்காகக் கிடந்த லென்ஸ் என்றால் சந்தேகத்தோடே பாருங்கள்.

மென்பொருளை மறந்துவிடாதீர்கள். பழைய ஹாசல்பிளாட் எச் கேமராக்களின் கோப்பு, பலர் பயன்படுத்தும் கேப்ச்சர் ஒன் மென்பொருளில் நேரடியாகத் திறக்காது. ஹாசல்பிளாட்டின் சொந்த மென்பொருளான ஃபோகஸ் (Phocus) இலவசம், அந்தக் கோப்பு லைட்ரூமிலும் திறக்கும். கம்ப்யூட்டரோடு இணைத்து எடுக்க நினைத்தால் பழைய பேக்குகளுக்கு ஃபயர்வயர் என்ற பழைய வகைக் கேபிள் இணைப்பு வேண்டும். இன்றைய லேப்டாப்புகளில் அந்தத் துளையே இல்லை. அதற்காகவே ஒரு பழைய மேக்கை வைத்துக் காப்பாற்றுகிறவர்கள் உண்டு.

பேட்டரியில் 645டி-க்கு ஒரு வசதி: கே-5, கே-3 மாதிரி சின்ன பென்டாக்ஸ்களின் பேட்டரியே இதற்கும் போடலாம். ஜப்பானிலிருந்து வரவழைக்கும் யோசனை இருந்தால், பழைய பொருள் இறக்குமதிக்கு நம் நாட்டில் தனிக் கட்டுப்பாடு உண்டு. விற்பவர் "வந்துவிடும் சார்" என்பதை வைத்து ஆர்டர் போடாமல், சுங்கத் தரகர் ஒருவரிடம் வரியையும் அனுமதியையும் கேட்டுக்கொண்டு பணம் அனுப்புங்கள்.