ஒற்றை கிட்டாரில் பழைய பாட்டு: எங்கே சறுக்குகிறோம்?

எண்பதுகளின் சினிமாப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டு தனியாளாக கிட்டாரோடு உட்காருகிறீர்கள். எதிரே இருப்பவர் காதில் வயலின் கூட்டமும் தபேலாவும் கோரஸும் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும். கார்ட் (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) தெரியும், வரி தெரியும், அது போதும் என்று தொடங்குபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

‘பயணங்கள் முடிவதில்லை’ (1982) படத்தின் ‘இளைய நிலா’வைப் பாருங்கள். பாடகர் வாய் திறக்கும் முன்பே, சந்திரசேகர் வாசித்த கிட்டாரைக் கேட்டதும் பாட்டு எதுவென்று கூட்டத்துக்குத் தெரிந்துவிடும். அதை விட்டுவிட்டு நேராகப் பல்லவிக்கு ‘ஜங் ஜங்’ என்று ஸ்ட்ரம்மிங் போட்டால், எவ்வளவு நன்றாகப் பாடினாலும் ஏதோ குறையும். இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு: இடையிசையில் வரும் வயலின், புல்லாங்குழல், பேஸ் எல்லாவற்றையும் ஒரே ஆள் பிடிக்கப் பார்ப்பது. கூட்டம் முணுமுணுக்கும் ஒரே ஒரு இழையை மட்டும் எடுத்து மேல் ஸ்தாயியில், மெல்லிய இரண்டு கம்பிகளில் வாசியுங்கள். கட்டை விரல் பேஸைப் பார்த்துக்கொள்ளட்டும். மீதியைக் கேட்பவர்களே மனசுக்குள் நிரப்பிக்கொள்வார்கள்.

அடுத்தது சுருதி. ஒரிஜினல் ஸ்கேலிலேயே பாடினால்தான் மரியாதை என்று ஒரு வீம்பு நம்மில் பலருக்கு உண்டு. அனுபல்லவியில் சமாளித்துவிடலாம், சரணத்தின் உச்சியில் குரல் கிழியும். கிட்டார் கழுத்தில் மாட்டி எல்லாக் கம்பிகளையும் அழுத்திப் பிடிக்கும் கிளிப், அதாவது கேப்போ, எதற்கு இருக்கிறது? குரலுக்குத் தோதான சுருதியைப் பிடிக்கத்தான். சி ஸ்கேலில் பழகிய விரல்களை அப்படியே வைத்து, முதல் பிரெட்டில் (கழுத்தில் உள்ள கட்டங்களில் முதலாவது) கேப்போ போட்டால் சுருதி ஒன்றரைக் கட்டை, இரண்டாவதில் போட்டால் இரண்டு கட்டை. கேப்போ மாட்டியதும் இன்னொரு முறை டியூன் பார்க்க வேண்டும். அதன் அழுத்தத்தில் கம்பிகள் கொஞ்சம் ஏறிவிடும்.

ராகத்தில் அமைந்த பாட்டுகளில்தான் பெரிய விபத்து. மோகன ராகத்தில் மத்திமமும் (ம) நிஷாதமும் (நி) கிடையாது. சி-யை ஷட்ஜமாக (ஸ) வைத்தால் எஃப்பும் பி-யும் மெட்டில் வராது. சி மேஜர், ஏ மைனர் இரண்டும் ராகத்துக்குள்ளேயே அடங்கிவிடும். பழக்கதோஷத்தில் ஜி மேஜர் போட்டால் பி நுழையும், எஃப் மேஜர் போட்டால் எஃப்பே நுழையும். இசையமைப்பாளர்கள் தெரிந்தே அப்படிச் செய்வதுண்டு, அது வேறு கதை. கை தவறி விழுந்தால் மட்டும் கஞ்சியில் கல் மாதிரி கடிக்கும். சந்தேகமான இடத்தில் ஜி கார்டின் நடு சுரத்தை விட்டுவிட்டு ஜி, டி இரண்டை மட்டும் மீட்டினால் போதும்.

என் கதை ஒன்று. ஒரு கல்யாண ரிசப்ஷனுக்கு, காலையில்தான் புதுக் கம்பி மாற்றினேன். பளபளவென்று நல்ல சத்தம். இரண்டாவது பாட்டிலேயே மூன்றாவது கம்பி இறங்க ஆரம்பித்தது, ஏசி வேறு நேராக முகத்தில். பாட்டுக்குப் பாட்டு திருகாணியைத் திருகிக்கொண்டே இருந்தேன். மாப்பிள்ளையின் தாத்தா முன்வரிசையில் இருந்து, “தம்பி, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?” என்று கேட்டார். இப்போதெல்லாம் இரண்டு நாள் முன்பே மாற்றி, கம்பிகளை இழுத்து இழுத்துவிட்டுப் பழக்கிவிடுகிறேன்.

மைக்கைக் கிட்டாரின் துளைக்கு நேரே வைக்காதீர்கள், ‘பூம்’ என்று இரையும். பன்னிரண்டாவது பிரெட் பக்கமாக ஒரு சாண் தள்ளி வைத்தால் கம்பியின் தெளிவு வரும்.

கடைசியாக வேகம். ஒத்திகையைப் போனில் பதிந்து, பல்லவியையும் இரண்டாவது சரணத்தையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள். தாளம் பிடிக்க ஆள் இல்லாததால் சரணம் குதிரை மாதிரி ஓடியிருக்கும். என்னுடையது இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது.