எளிய மின்வழங்கிச் சுற்றுகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மின்வழங்கிச் சுற்றுகளில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை, உறுப்புகளின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணை அப்படியே நம்பிக் கணக்கிடுவதால் வருபவை. 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் என்பதிலுள்ள 12, முழுச் சுமையின்போது கிடைக்கும் ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது மாறுமின்சாரத்தின் பயனுறு மதிப்பாகும். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் பிரிட்ஜ் ரெக்டிஃபையருக்குப் பின் வரும் மின்தேக்கியோ, அதைப்போல் சுமார் 1.41 மடங்கான உச்ச மதிப்புக்கே மின்னேற்றம் பெறுகிறது. ஆகவே 17 வோல்ட்டில் இரண்டு டயோடுகளின் இழப்பு போக ஏறத்தாழ 15.5 வோல்ட் அதில் நிற்கும். சுமை இல்லாதபோது இன்னும் கூடும். இவ்விடத்தில் 16 வோல்ட் மின்தேக்கியைப் பொருத்துவது அதை வெடிக்கவிடுவதற்கு ஒப்பாகும். 25 வோல்ட் தாங்கும் மின்தேக்கியே இங்குக் குறைந்தபட்சத் தேவை. மின்னோட்டத்திலும் இதே மயக்கம் உண்டு: 1 ஆம்பியர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து, இவ்வகைச் சுற்றில், சூடேறாமல் எடுக்கக்கூடிய நேர்மின்னோட்டம் சுமார் 0.6 ஆம்பியர் மட்டுமே.

உச்சத்தைக் கவனிப்பவர்கள்கூடப் பள்ளத்தை மறந்துவிடுகிறார்கள். மின்தேக்கியின் மின்னழுத்தம் ஒவ்வொரு அரைச்சுழற்சியிலும் இறங்கி ஏறுகிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ரிப்பிள் எனப்படும் இந்த ஏற்ற இறக்கத்தைத் தோராயமாக அறிய, சுமை மின்னோட்டத்தை 100 ஆலும் மின்தேக்கியின் ஃபாரட் மதிப்பாலும் வகுத்தால் போதும். 9 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், 1000 மைக்ரோஃபாரட் மின்தேக்கி, 7805 ரெகுலேட்டர் (வெளியீட்டை 5 வோல்ட்டில் நிலைநிறுத்தும் சிப்), அரை ஆம்பியர் சுமை என்று கொள்வோம். உச்சம் 11 வோல்ட். ரிப்பிள் 5 வோல்ட். பள்ளம் 6 வோல்ட். 7805 சரியாக இயங்க உள்ளீட்டில் ஏறத்தாழ 7 வோல்ட்டாவது வேண்டும் என்பதால், வெளியீடு வினாடிக்கு நூறு முறை சரியும். மல்டிமீட்டரோ சராசரியைக் காட்டி, உள்ளீட்டில் எட்டரை வோல்ட் இருப்பதாகச் சொல்லும். அலைக்காட்டி இல்லாதவர் குறையை வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார். மின்தேக்கியை 2200 மைக்ரோஃபாரட் ஆக்கினால் ரிப்பிள் 2.3 வோல்ட்டாகக் குறைந்து, பள்ளம் 8.7 வோல்ட்டில் நின்றுவிடும். இந்தக் கணக்கு ரிப்பிளைச் சற்று மிகைப்படுத்தும். வடிவமைப்பில் அந்த மிகை நன்மையே.

அப்படியானால் உள்ளீட்டைத் தாராளமாக உயர்த்திவிடலாமே என்று எண்ணுவது அடுத்த தவறு. உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் ரெகுலேட்டரில் வெப்பமாக மாறுகிறது. சராசரியாக 14 வோல்ட் கொடுத்து 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் எடுத்தால், வெப்பம் மட்டும் 4.5 வாட். ஹீட் சிங்க் (வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் துண்டு) இல்லாமல், இத்தகைய ரெகுலேட்டர்களின் வழக்கமான டிஓ-220 உறையில் வாட்டுக்கு 65 டிகிரி செல்சியஸ் அளவில் வெப்பநிலை உயரும் என்பதால், கணக்குப்படி உயர்வு 290 டிகிரியைத் தாண்டுகிறது. அந்நிலை வருவதற்கு வெகுமுன்பே ரெகுலேட்டரின் உட்பாதுகாப்பு வெளியீட்டைத் துண்டித்து, ஆறியபின் மீண்டும் இயக்கும். மைக்ரோகன்ட்ரோலர் சற்று நேரத்துக்கு ஒருமுறை தானாக மறுதொடக்கம் ஆகிறதென்றால், நிரலைக் குறை சொல்வதற்கு முன் ரெகுலேட்டரின் சூட்டைச் சோதிப்பது நல்லது.

ஹீட் சிங்க் பொருத்துவதிலும் ஒரு பொறி உள்ளது. 7805-இன் உலோக முதுகு தரையோடு இணைந்தது; வெளியீட்டை மாற்றியமைக்கக்கூடிய ரெகுலேட்டரான எல்எம்317-இன் முதுகு வெளியீட்டோடு இணைந்தது. இரண்டையும் மின்சாரம் கடத்தாத மைக்கா தாள் இல்லாமல் ஒரே ஹீட் சிங்கில் முடுக்கினால் வெளியீடு தரையோடு குறுக்கிணைப்பாகிவிடும். இவற்றின் கால்களின் வரிசையும் வேறு. தவிர, எல்எம்317-க்குக் குறைந்தபட்சச் சுமை வேண்டும். அது 10 மில்லிஆம்பியர் வரை போகலாம். சுமையைக் கழற்றியதும் வெளியீடு மேலே ஏறினால் காரணம் பெரும்பாலும் இதுவே.

எல்இடி விளக்குகளில் கட்டுப்படுத்த வேண்டியது மின்னோட்டம். மின்னழுத்தத்தைச் சரியாகக் கொடுத்துவிட்டால் போதும் என்பது பிழையான எண்ணம். தலா 3.2 வோல்ட் கொண்ட மூன்று வெள்ளை எல்இடிகளைத் தொடராக இணைத்து 12 வோல்ட்டில் எரிக்கும்போது, மின்தடைக்கு எஞ்சுவது 2.4 வோல்ட், 20 மில்லிஆம்பியருக்கு 120 ஓம் வைக்கிறோம். மின்வழங்கல் 10 சதவீதம் உயர்ந்து 13.2 வோல்ட் ஆனால், மின்னோட்டம் 30 மில்லிஆம்பியர், அதாவது ஒன்றரை மடங்கு, ஆகிவிடுகிறது. இரண்டு எல்இடிகளை மட்டும் வைத்து 280 ஓம் கொடுத்திருந்தால், அதே உயர்வில் மின்னோட்டம் 24 மில்லிஆம்பியரோடு நின்றிருக்கும். மின்தடைக்கு மிகக் குறைவாக ஒதுக்கிச் சிக்கனம் பார்ப்பது எல்இடியின் ஆயுளைத்தான் குறைக்கும். பல எல்இடிகளைப் பக்க இணைப்பில் வைத்து ஒரே மின்தடையைப் பகிர்வதும் ஆகாது. மின்னழுத்தம் சற்றுக் குறைந்த எல்இடி மற்றவற்றைவிட அதிக மின்னோட்டத்தை இழுத்துச் சூடாகும். சூடாக ஆக அதன் மின்னழுத்தம் மேலும் குறைந்து, இன்னும் அதிகமாக இழுக்கும்.

எல்எம்317-ஐ நிலை மின்னோட்டச் சுற்றாக, அதாவது மின்னோட்டத்தை மாறாமல் வைக்கும் சுற்றாகப் பயன்படுத்துவோர், மின்தடையின் குறுக்கே அது நிலைநிறுத்தும் 1.25 வோல்ட்டை அம்மின்தடையால் வகுத்து மின்னோட்டத்தைக் கண்டுபிடித்ததோடு நின்றுவிடுகிறார்கள். 3.6 ஓமுக்கு 350 மில்லிஆம்பியர் கிடைக்கும் என்பது சரிதான். ஆனால் அந்த மின்தடையில் 0.43 வாட் வெப்பம் எழுவதால், கால் வாட் மின்தடை கருகிவிடும். 1 வாட் வகை தேவை. மேலும், மின்தடைக்கு 1.25 வோல்ட்டும் ரெகுலேட்டருக்குப் பாதுகாப்பாக 3 வோல்ட்டும் ஒதுக்க வேண்டியிருப்பதால், 9.6 வோல்ட் எல்இடி வரிசைக்கு 14 வோல்ட் வேண்டும். 12 வோல்ட்டில் கட்டுப்பாடு நடக்காது. மின்னோட்டத்தை மாற்ற விரும்பி, அந்த மின்தடைக்குப் பதிலாக வெறும் பொட்டென்ஷியோமீட்டரை (திருகி மாற்றும் மின்தடையை) மட்டும் வைப்பவர்கள், அதைச் சுழியத்துக்குத் திருப்பும் கணத்தில் ரெகுலேட்டரின் உள்வரம்பு வரையிலான மின்னோட்டத்தை, அதாவது 1.5 ஆம்பியருக்கும் மேலாக, எல்இடிக்குள் பாய்ச்சுகிறார்கள். பொட்டென்ஷியோமீட்டரோடு தொடராக ஒரு நிலையான மின்தடை எப்போதும் இருக்க வேண்டும். அதன் மதிப்பை எல்இடி தாங்கும் உச்ச மின்னோட்டத்தைக் கொண்டு தீர்மானிக்க வேண்டும்.