போர்முனையிலருந்து வீட்டுக்கு வந்த பழைய லெட்டர் கட்டு கைல கிடைச்சா என்ன பண்ணணும்

தாத்தாவோ பெரிய தாத்தாவோ சண்டைக்குப் போன இடத்துலருந்து வீட்டுக்கு எழுதின லெட்டர் கட்டு பழைய பெட்டிக்குள்ளருந்து வந்திருக்குன்னு வைங்க, மொதல்ல பிரிக்காதீங்க. ஆர்வத்துல நூலை அவுத்து எல்லாத்தையும் தரைல பரப்பிடுவோம், பாதி விஷயம் அங்கயே போயிடும். ஏன்னா அந்தக் கட்டைக் கட்டினவங்க ஒரு அம்மாவா இருக்கலாம் பொண்டாட்டியா இருக்கலாம், எதை மேல வச்சாங்க, எதுக்குள்ள எதைச் சொருகினாங்க, எது ரொம்ப மடிச்சு மடிச்சுப் பிஞ்சு போயிருக்குங்கிறதே ஒரு தகவல்தான். கட்டா இருக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுங்க, அப்புறம் மேலருந்து ஒன்னொன்னா எடுத்து பக்கத்துல ஒரு துண்டுச் சீட்டுல 1, 2, 3ன்னு நம்பர் போட்டு வைங்க. லெட்டர் மேலயே பேனாவால எழுதிடாதீங்க.

கையுறை வேணுமான்னு கேப்பீங்க. பேப்பருக்கு வேணாம், துணிக் கையுறை போட்டா விரல்ல ஓரம் தெரியாம மாட்டிக் கிழியும், சுத்தமா கழுவி நல்லா காஞ்ச கை போதும். தண்ணிய மட்டும் கிட்டயே விடக்கூடாது. முதல் உலகப்போர் காலத்துல நிறைய பேர் எழுதினது காப்பியிங் பென்சில்ல, பாக்க சாதா பென்சில் மாதிரி சாம்பல் கலரா இருக்கும் ஆனா ஒரு சொட்டு ஈரம் பட்டா ஊதாவா மாறி வழிஞ்சு எழுத்தே போயிடும், அதனால ஈரத்துணியால துடைக்கிறது, சுருக்கம் எடுக்க ஆவி காட்டுறது எல்லாம் வேணாம். ரப்பர் பேண்ட், ஸ்டேப்ளர் பின், குண்டூசி இருந்தா மெதுவா எடுத்துடுங்க, துரு அப்படியே பேப்பரைத் தின்னுடும். கிழிஞ்ச இடத்துல டேப் ஒட்டாதீங்க, நான் ஒரு தடவை ஒட்டிட்டு இன்னைக்கு வரைக்கும் அந்த மஞ்சள் கறையப் பாத்துக்கிட்டு இருக்கேன். லேமினேஷன் அதைவிட மோசம், திரும்பப் பிரிக்கவே முடியாது. ஆசிட் இல்லாத பேப்பர் ஃபோல்டர்ல மடிப்பப் பிரிச்சு தட்டையா வைங்க, முறுமுறுன்னு ஒடையுற மாதிரி இருந்தா விட்டுடுங்க, மடிச்சபடியே இருக்கட்டும். வெயில் படாத, ஈரம் ஏறாத, ரொம்ப சூடாகாத அறையில வைங்க, அவ்ளோதான்.

கவரைத் தூக்கிப் போடுறவங்களப் பாத்தாதான் எனக்குக் கோவம் வரும். உள்ள இருக்குற லெட்டர்ல ஊர் பேரே இருக்காது, எழுத விடமாட்டாங்க, 'பிரான்ஸ்ல எங்கயோ'ன்னுதான் இருக்கும், ஆனா கவர்ல இருக்குற தபால் முத்திரை, ஃபீல்ட் போஸ்ட் ஆபீஸ் (போர்முனைத் தபால் நிலையம்) நம்பர், லெட்டரப் பிரிச்சுப் படிச்சுப் பாத்த ராணுவ சென்சாரோட முத்திரை எல்லாம் சேர்ந்து அந்த ஆள் எந்தப் படைப்பிரிவுல எந்தப் பக்கம் இருந்தார்னு காட்டிக் குடுத்துடும். ரெண்டாம் உலகப்போர்ல ஜெர்மன் சிப்பாய்க்கு விலாசமே ஒரு ஃபீல்ட்போஸ்ட் நம்பர்தான், நம்பர் தெரிஞ்சா யூனிட்ட தேடிப் பிடிக்கலாம். சோவியத் சிப்பாய்ங்க கவரே இல்லாம லெட்டரையே முக்கோணமா மடிச்சு ஸ்டாம்ப் ஒட்டாம அனுப்புவாங்க, விலாசமும் சென்சார் முத்திரையும் அந்த வெளிப்பக்கத்துலயே இருக்கும், அதைப் போட்டோ எடுக்காம பிரிச்சு நீவி விட்டுட்டா மடிப்போட அர்த்தமே போச்சு. சின்னதா போட்டோ பிரிண்ட் மாதிரி ஒரு லெட்டர் இருந்தா 'இது யாரோ எடுத்த காப்பி, ஒரிஜினல் எங்க'ன்னு தேடாதீங்க. அமெரிக்காக்காரங்க 1942 ஜூன்லருந்து வி-மெயில்னு ஒன்னு வச்சிருந்தாங்க, எழுதின தாளை மைக்ரோஃபிலிம்ல படம் பிடிச்சு, ஃபிலிம மட்டும் அனுப்பி, போய்ச் சேர்ற இடத்துல சின்னதா பிரிண்ட் போட்டுக் குடுப்பாங்க, பிரிட்டிஷ் பக்கம் 1941லயே ஏர்கிராஃப்னு இதே வேலை நடந்துச்சு. வீட்டுக்கு வந்து சேர்ந்தது அந்தக் குட்டிப் பிரிண்ட்தான், அதுதான் ஒரிஜினல். அது போட்டோ பேப்பர், மத்த லெட்டரோட கலக்காம தனியா வைங்க, அதுக்கு மட்டும் கையுறை போட்டாலும் நல்லதுதான்.

ஸ்கேன் பண்றதுக்கு ரொம்ப யோசிக்க வேணாம், கலர்ல குறைஞ்சது 300 டிபிஐ (ஸ்கேனர் எவ்ளோ நுணுக்கமா எடுக்குதுங்கிற அளவு), பென்சில் மங்கியிருந்தா 600, வெத்துப் பக்கம்னு நினைக்கிறதையும் சேர்த்து. பின்பக்க எழுத்து தெரிஞ்சு குழப்பினா பின்னாடி ஒரு கறுப்புத் தாள் வைங்க. ஃபைல் பேர் வருஷம்-மாசம்-தேதின்னு ஆரம்பிச்சா தானா வரிசையா நிக்கும்.

இனி படிக்கிறது. இதுலதான் எல்லாரும் ஏமாந்து போறாங்க, 'நல்லா இருக்கேன், சாப்பாடு நல்லா இருக்கு, கவலைப்படாதீங்க' இதேதான் பத்து லெட்டர்லயும் இருக்கு, ஒன்னுமே இல்லன்னு மூடி வச்சிடுவாங்க. அவர் எழுதும்போது ரெண்டு பேருக்குப் பயந்து எழுதினார்ங்கிறத மறந்துடக்கூடாது, ஒன்னு லெட்டரப் பிரிச்சுப் படிக்கிற ஆபீசர், இன்னொன்னு ராத்திரி தூங்காம கெடக்கிற அம்மா. அதனால என்ன எழுதியிருக்குன்னு பாக்குறதோட எது திடீர்னு நின்னு போச்சுன்னும் பாருங்க. ஒரு கூட்டாளி பேர் அஞ்சு லெட்டர்ல வந்துட்டு ஆறாவதுலருந்து வரவே இல்லன்னா அங்க ஒரு சாவு இருக்கலாம். பிரிட்டிஷ் ராணுவத்துல அச்சடிச்ச கார்டு ஒன்னு உண்டு, 'நான் நல்லா இருக்கேன்', 'ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க', 'உன் லெட்டர் கிடைச்சுது'ன்னு வரிவரியா இருக்கும், வேண்டாததை அடிச்சிட்டு தேதியும் கையெழுத்தும் மட்டும் போடணும், கூட ஒரு வார்த்தை எழுதினா கார்டு அழிக்கப்படும்னு அதுலயே அச்சடிச்சிருக்கும். அதுல எந்த வரிய அடிக்காம விட்டார்ங்கிறதுதான் சேதி. பச்சைக் கவர்ல வந்த லெட்டர் தனியா மனசு விட்டு எழுதின மாதிரி இருந்தா ஆச்சரியப்படாதீங்க, அதைக் கூடவே இருக்குற சொந்த ஆபீசர் படிக்க மாட்டார், போர்முனைக்குப் பின்னாடி இருக்குற பேஸ் முகாம்ல வேணா யாராவது பிரிக்கலாம், அந்தத் தைரியம் எழுத்துல தெரியும்.

சில பேர் சென்சாரையும் தாண்டி எழுதினாங்க. முதல் உலகப்போர்ல பிரான்ஸ்ல இருந்த இந்தியச் சிப்பாய்ங்க லெட்டர்ல கருமிளகு, செம்மிளகுன்னு வரும், கருமிளகுன்னா நம்மாளுங்க, செம்மிளகுன்னா வெள்ளைக்காரச் சிப்பாய்ங்க, கருமிளகு தீர்ந்து போச்சுன்னு எழுதினா என்ன அர்த்தம்னு புரியும்ல. சென்சாருக்கும் அது புரிஞ்சுதான் மொழிபெயர்த்து ரிப்போர்ட்ல சேர்த்து வச்சாங்க, அந்த ரிப்போர்ட் இன்னைக்கும் பிரிட்டிஷ் லைப்ரரில இருக்கு. அதனால சம்பந்தமே இல்லாம விளைச்சல், வியாபாரம்னு ஒரு வரி வந்தா தாண்டிப் போயிடாதீங்க. இன்னொன்னு, எழுதப் படிக்கத் தெரியாத நிறைய பேர் வேற ஒருத்தர்கிட்ட சொல்லி எழுத வச்சிருக்காங்க, அப்போ கையெழுத்து மாறுறது அவர் மாறினதால இல்ல, எழுதிக் குடுத்தவர் மாறினதால.

தேதி பெரிய தலைவலி. வெறும் 'ஞாயித்துக்கிழமை ராத்திரி'ன்னு இருக்கும், முத்திரைய வச்சு அந்த வாரத்தக் காலண்டர்ல பிடிக்கணும். எழுதின நாள், முத்திரை நாள் ரெண்டையும் தனித்தனியா குறிங்க, அவர் பதில் சொல்றது பல வாரத்துக்கு முன்னாடி வீட்டுல கேட்ட கேள்விக்கா இருக்கும். யூனிட் தெரிஞ்சுட்டா அதோட வார் டைரிய, அதாவது அந்த யூனிட் தினமும் எழுதி வச்ச குறிப்ப, பக்கத்துல வச்சுப் பாருங்க, முதல் உலகப்போர் பிரிட்டிஷ் டைரிங்க லண்டன் கியூல இருக்குற நேஷனல் ஆர்க்கைவ்ஸ்ல WO 95ங்கிற வரிசைல இருக்கு, 'இன்னைக்கு சும்மா இருக்கோம்'னு அவர் எழுதின நாள்ல டைரில எத்தனை பேர் செத்தாங்கன்னு போட்டிருக்கும். அவரோட ராணுவ சர்வீஸ் ரெக்கார்டு கிடைக்கலன்னா மனசு விடாதீங்க, 1940ல லண்டன் மேல நடந்த ஜெர்மன் குண்டுவீச்சுல முதல் உலகப்போர் பிரிட்டிஷ் சிப்பாய்ங்க ரெக்கார்டுங்க பெரும்பகுதி எரிஞ்சு போச்சு, 1973ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ்ல ராணுவ ரெக்கார்டு வச்சிருந்த கட்டடம் தீப்பிடிச்சு கோடிக்கும் மேல ஃபைல் போச்சு, உங்க கைல இருக்குற லெட்டர்தான் ஒரே சாட்சின்னும் ஆகலாம்.

டைப் பண்ணும்போது தப்பைத் திருத்தாதீங்க, அவர் எப்படி எழுதினாரோ அப்படியே. புரியாத வார்த்தைக்குக் கேள்விக்குறி, சென்சார் வெட்டின ஓட்டைக்கு 'இங்க வெட்டியிருக்கு'ன்னு சதுர அடைப்புக்குள்ள. வெளிய போடுறதுக்கு முன்னாடி வீட்டுல எல்லாரையும் கேளுங்க, தாள் உங்களுதுன்னாலும் எழுத்தோட உரிமை எழுதினவரோட வாரிசு எல்லாருக்கும் போகும், அதுல பேர் வர்ற இன்னொரு குடும்பமும் எங்கயாவது இருக்கும்.

கட்டுல கடைசியா பிரிக்காத கவர் ஒன்னு இருந்தா அது பெரும்பாலும் வீட்டுலருந்து அவருக்குப் போய், ஆள் இல்லன்னு திரும்பி வந்தது. அதை நீங்களா பிரிக்காதீங்க. ரெண்டு பக்கமும் ஸ்கேன் பண்ணிட்டு குடும்பத்துல இருக்குறதுலயே வயசானவங்ககிட்ட காட்டுங்க, வேணாம்னு சொன்னா ஒட்டினபடியே ஒரு ஃபோல்டர்ல வச்சு, லிஸ்ட்ல அதுக்கும் ஒரு நம்பர் போட்டு, 'பிரிக்கல'ன்னு எழுதிடுங்க.