‘ஃபார்’, ‘சின்ஸ்’: எந்த இடத்தில் எது?

உடம்பு சரியில்லை என்று ஆங்கிலத்தில் விடுப்புக் கடிதம் எழுதும்போது பலர் ‘சின்ஸ் த்ரீ டேஸ்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஃபார் த்ரீ டேஸ்’ என்பதே சரி. இந்த வேறுபாடு தமிழருக்குப் புதிதல்ல. இந்தியில் ‘தீன் தின் ஸே’, ‘சோம்வார் ஸே’ என இரண்டுக்கும் ஒரே ‘ஸே’தான். நாமோ ‘மூன்று நாளாக’, ‘திங்கட்கிழமையிலிருந்து’ என்று பிரித்தே பேசுகிறோம். அதையே பிடித்துக்கொள்வோம்.

படி 1: முதலில் தமிழில் சொல்லிப் பாருங்கள்

காலத்தைக் குறிக்கும் சொல் எப்படி முடிகிறது என்று கவனியுங்கள். ‘ஆக’ என்று முடிந்தால் ஃபார். ‘இலிருந்து’ அல்லது ‘முதல்’ வந்தால் சின்ஸ்.

ஐந்து வருடமாக – ஃபார் ஃபைவ் இயர்ஸ்
வெகு நாளாக – ஃபார் எ லாங் டைம்
2019-இலிருந்து – சின்ஸ் 2019
காலையிலிருந்து – சின்ஸ் திஸ் மார்னிங்
சிறு வயது முதல் – சின்ஸ் சைல்ட்ஹுட்

ஃபார் கால அளவைச் சொல்கிறது. சின்ஸ் தொடங்கிய நேரத்தைச் சொல்கிறது.

படி 2: ‘லாஸ்ட்’ வந்தால் நிதானியுங்கள்

‘போன வருடத்திலிருந்து’ என்றால் ‘சின்ஸ் லாஸ்ட் இயர்’. ‘கடந்த இரண்டு வருடமாக’ என்றால் ‘ஃபார் த லாஸ்ட் டூ இயர்ஸ்’. இரண்டிலும் ‘லாஸ்ட்’ இருப்பதால் குழப்பம் வருகிறது. இங்கேயும் தமிழ் விகுதி கைகொடுக்கும்.

படி 3: வினைச்சொல்லை மாற்றுங்கள்

உண்மையில் கடினமான படி இதுதான். இதற்கு நேரம் ஒதுக்குங்கள். ‘ஐந்து வருடமாக இங்கே வேலை செய்கிறேன்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம். அதே பழக்கத்தில் ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதினால், ஃபார் சரியாக இருந்தும் வாக்கியம் தவறாகிவிடும். அன்று தொடங்கி இன்றும் தொடரும் செயலுக்கு ஆங்கிலம் ‘ஹேவ் பீன்’ கேட்கும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்’. அவன், அவள் என்றால் ‘ஹேஸ் பீன்’.

‘நோ’ (தெரிந்திருத்தல்) போன்ற வினைகள் ‘இங்’ ஏற்பதில்லை. ‘அவரைப் பத்து வருடமாகத் தெரியும்’ என்பது ‘ஐ ஹேவ் நோன் ஹிம் ஃபார் டென் இயர்ஸ்’.

படி 4: தமிழ் விகுதி கைவிடும் இடங்கள்

‘நாளை முதல் வருகிறேன்’ என்பதில் ‘முதல்’ இருந்தாலும் சின்ஸ் வராது, ‘ஃப்ரம் டுமாரோ’தான். வருங்காலத்துக்குச் சின்ஸ் பொருந்தாது. ‘2010 முதல் 2015 வரை’ என்பதும் ‘ஃப்ரம் 2010 டு 2015’ ஆகும்.

முடிந்துபோன காலத்துக்கு ‘ஆக’ இல்லாமலே ஃபார் வரும். ‘மதுரையில் இரண்டு வருடம் இருந்தேன்’ – ‘ஐ லிவ்ட் இன் மதுரை ஃபார் டூ இயர்ஸ்’. இதில் ‘ஹேவ்’ வேண்டாம்.

சின்ஸுக்கு ‘என்பதால்’ என்ற பொருளும் உண்டு. அதை இப்போதைக்கு ஒதுக்கி வைக்கலாம்.

படி 5: எழுதிப் பாருங்கள்

1. நேற்றிலிருந்து அவன் சாப்பிடவில்லை.
2. இரண்டு மணி நேரமாக மழை பெய்கிறது.
3. கல்யாணமானதிலிருந்து அவள் சேலத்தில் இருக்கிறாள்.

விடைகள்:

1. ஹி ஹேஸ் நாட் ஈட்டன் சின்ஸ் எஸ்டர்டே.
2. இட் ஹேஸ் பீன் ரெய்னிங் ஃபார் டூ அவர்ஸ்.
3. ஷி ஹேஸ் லிவ்ட் இன் சேலம் சின்ஸ் ஷி காட் மேரீட். சின்ஸுக்குப் பின்னால் வரும் ‘காட் மேரீட்’ இறந்தகாலத்தில் இருக்கிறது. கல்யாணம் ஒரு நாளில் நடந்து முடிந்தது, சேலத்தில் இருப்பதுதான் தொடர்கிறது.