சீன வணிக விருந்தில் மது அருந்தாமல் இருப்பது எப்படி

குவாங்சோ நகரில் 1957 முதல் நடந்துவரும் கேன்டன் கண்காட்சிக்கோ யீவு மொத்தச் சந்தைக்கோ சரக்கெடுக்கச் செல்லும் நம் வணிகர்கள், விசா, மாதிரிகள், விலைப்பட்டியல் என எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே ஆயத்தமாகிறார்கள். ஆலை உரிமையாளர் இரவு விருந்துக்கு அழைக்கும்போதுதான் தடுமாறுகிறார்கள். வியாபாரம் கெட்டுவிடுமோ என்ற முகதாட்சண்யத்தில் முதல் கிண்ணத்தை எடுத்தவர், எத்தனையாவது கிண்ணத்தில் நிறுத்தினார் என்பதை மறுநாள் பிறர் சொல்லித்தான் அறிகிறார்.

எதிரில் வைக்கப்படுவது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பைஜியு எனப்படும் அந்த நிறமற்ற மது பெரும்பாலும் சோளத்திலிருந்து வடிக்கப்படுவது. அவற்றுள் பெயர்பெற்ற மௌதாயின் வழக்கமான வகையில் ஆல்கஹால் 53 விழுக்காடு. 1972-இல் பெய்ஜிங் வந்த அமெரிக்க அதிபர் நிக்சனும் சீனப் பிரதமர் சூ என்லாயும் கிண்ணம் உயர்த்திப் பருகியது இதைத்தான். கிண்ணம் 10 மி.லி. அளவே பிடிக்கும் என்பதால் அதை எளிதாக எண்ணிவிடக் கூடாது. பல விருந்துகளில் ஒவ்வொருவர் முன்னும் ஏறத்தாழ 100 மி.லி. கொள்ளும் கண்ணாடிக் குடுவை ஒன்றும் இருக்கும். கிண்ணம் காலியாகக் காலியாக அதிலிருந்து நிரப்புவார்கள். பத்துப் பேர் அமர்ந்த வட்ட மேசையில் ஒவ்வொருவரும் விருந்தாளியிடம் தனித்தனியே வந்து ஒரு கிண்ணம் பருகினால், ஒரு சுற்றிலேயே குடுவை தீர்ந்துவிடும். அதில் உள்ள ஆல்கஹால் சுமார் 42 கிராம். நம் உடலோ மணிக்கு 7 முதல் 10 கிராம் வரைதான் செரிக்கும். அதாவது அந்த ஒரு குடுவை உடலைவிட்டு இறங்கவே நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும்.

மறுப்பதானால் முதல் கிண்ணத்துக்கு முன்பே மறுக்க வேண்டும். முழுவதும் விலகி நிற்பவரை அந்த மேசை ஏற்றுக்கொள்ளும். ஒரு கிண்ணம் குடித்துவிட்டு இரண்டாவதை மறுப்பவரையோ, தமக்கு மட்டும் மரியாதை தரவில்லை என்று இரண்டாவது கிண்ணத்தை நீட்டியவர் எடுத்துக்கொள்வார். ஆகவே விருந்து உறுதியானவுடன், அன்று பகலிலேயே, உங்களோடு தொடர்பில் உள்ள விற்பனைப் பிரதிநிதிக்கு வீசாட் என்ற சீனச் செய்திச் செயலியில் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்: "நான் மது அருந்துவதில்லை, உரிமையாளரிடம் முன்கூட்டியே தெரிவித்துவிடுங்கள்." உரிமையாளருக்கும் இது நல்லதே, பலர் முன்னிலையில் மறுப்பைக் கேட்கும் சங்கடம் அவருக்கு இல்லாமல் போகிறது.

காரணம் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலினோ அதைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகளோ எடுப்பவருக்கு மதுவால் சர்க்கரை அளவு ஆபத்தான அளவுக்குத் தாழக்கூடும் என்பதால், இது சாக்கு அல்ல, மருத்துவக் காரணமே. செஃபலோஸ்போரின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னால் சீனாவில் யாரும் வற்புறுத்த மாட்டார்கள். அவ்வகை மருந்துகளில் சில மதுவோடு சேர்ந்தால் இரத்த அழுத்தம் சரிந்து மூச்சுத்திணறும் என்பது அங்கே பலருக்கும் தெரியும். ஆனால் அதைப் பொய்யாகச் சொன்னவர், அடுத்த பயணத்துக்கு வேறொரு நோயைத் தேட வேண்டியிருக்கும். கிண்ணத்து மதுவை யாரும் பார்க்காதபோது கைத்துண்டில் கொட்டும் தந்திரமும் வேண்டாம். உங்களோடு வந்த இளைய ஊழியரை உங்களுக்குப் பதிலாகக் குடிக்கவைக்கும் வழக்கம் அதைவிட மோசமானது.

மதுவை விலக்கலாம், மரியாதையை விலக்கக் கூடாது. தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து நின்று, "யீ சா தாய் ஜியூ", அதாவது மதுவுக்குப் பதிலாகத் தேநீர், என்று சொன்னால் போதும். இது அங்கே நெடுங்காலமாக ஏற்கப்பட்ட முறை. கோப்பைகளைத் தொடும்போது உங்கள் கோப்பையின் விளிம்பு மூத்தவருடையதற்குச் சற்றுக் கீழே இருக்கட்டும். எட்டாத தொலைவில் இருப்பவருக்காகச் சுழல்தட்டின் விளிம்பில் கோப்பையை மெல்லத் தட்டலாம். விருந்தளிப்பவர் முதலில் பேசி முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு நீங்களாகவே அவரிடம் சென்று நன்றி கூறுங்கள். பிறர் வந்து அழைக்கும்வரை உட்கார்ந்திருப்பவரைத்தான் வற்புறுத்துவார்கள்.

எல்லா ஊரும் ஒன்றல்ல. குவாங்டாங் மாகாணத்தில் வற்புறுத்தல் ஒப்பீட்டளவில் குறைவு. ஷான்டாங்கிலும் வடகிழக்கு மாகாணங்களிலும் யார் முதலில், யார் அடுத்து என்ற வரிசைப்படி கிண்ணங்கள் தொடரும். காலமும் மாறிவருகிறது. 2021-இல் இணைய வணிக நிறுவனமான அலிபாபாவின் ஊழியர் ஒருவர், வணிகப் பயணத்தில் தம்மை வற்புறுத்திக் குடிக்கவைத்ததாகவும் பாலியல் தாக்குதலுக்கு உள்ளாக்கியதாகவும் கூறிய புகார் நாடெங்கும் பேசப்பட்டபின், கட்டாயக் குடிப் பழக்கத்தை எதிர்ப்பதாக அந்நிறுவனம் வெளிப்படையாக அறிவித்தது. 2025 மே மாதத்தில் அரசுப் பணி சார்ந்த விருந்துணவில் மது பரிமாறுவதற்கே அரசு தடை விதித்தது. தவிர, கிழக்காசியர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மதுவிலிருந்து உடலில் உருவாகும் நச்சுப்பொருளான அசிட்டால்டிஹைடை உடைக்கும் நொதி சரியாக வேலை செய்வதில்லை. முகம் சிவந்து உங்களை வற்புறுத்துகிறவரே உள்ளுக்குள் அவதிப்படுபவராக இருக்கலாம்.

குடிப்பவர் என்றால், வெறும் வயிற்றில் அமராதீர்கள், பீரையும் பைஜியுவையும் கலக்காதீர்கள், "கான்பேய்" என்று முழுக் கிண்ணத்தையும் காலிசெய்யச் சொல்லும்போது "சுய்யீ", அதாவது விருப்பப்படி, என்று கூறி ஒரு மிடறோடு நிறுத்துங்கள். முன்பண விழுக்காடு, கப்பலேற்றும் நாள் ஆகியவற்றை மேசையில் ஒப்புக்கொள்ள வேண்டாம். மறுநாள் காலை எழுத்தில் கேட்பதாகச் சொல்லுங்கள். உடன் வந்தவர் எழுப்பியும் விழிக்காமல், மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வந்தால், தூங்கட்டும் என்று விட்டுவிடாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து, சீனாவின் அவசர மருத்துவ உதவி எண்ணான 120-ஐ அழையுங்கள்.

பதில் விருந்து அளிப்பது உங்கள் முறை வரும்போது, நேரத்தையும் இடத்தையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். குவாங்சோவில் காலைத் தேநீரும் ஆவியில் வேகவைத்த சிற்றுண்டிகளும் மணிக்கணக்கில் நீளும் ஒரு முழு விருந்து. அதற்கு அழைத்தால் எந்த ஆலை உரிமையாளரும் குறைவாக நினைக்கமாட்டார், அந்த வேளையில் பைஜியுவை யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை.