வீட்டில் கட்டிய காரின் முன் சஸ்பென்ஷன்: எது முதலில், எது அப்புறம்

என் காரின் முன்பக்கத்தை முதல் தடவை பூட்டியபோது, சேஸிஸ் ஸ்டாண்டில் இருந்தது, சக்கரங்கள் தொங்கிக்கொண்டிருந்தன. அந்த நிலையிலேயே விஷ்போன் (சக்கரத்தைச் சேஸிஸோடு இணைக்கும் V வடிவக் கை) போல்ட்டுகளை முழுதாக இறுக்கிவிட்டேன். கீழே இறக்கினால் கார் 15 மி.மீ. உயர்ந்து நின்றது. ஸ்பிரிங்தான் கடினமோ என்று இரண்டு நாள் அதோடு மல்லுக்கட்டினேன். காரணம் ரப்பர் புஷ், அதாவது விஷ்போன் சேஸிஸோடு சேரும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளை. அதன் உள்குழாயும் வெளிக்குழாயும் ரப்பரோடு ஒட்டியவை. போல்ட்டை இறுக்கினால் உள்குழாய் அசையாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரம் மேலே வரும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு இன்னொரு ஸ்பிரிங் போல எதிர்த்துத் தள்ளும். அப்படியே ஓட்டினால் ரப்பர் சீக்கிரம் கிழிந்துவிடும். அதனால் புஷ் போல்ட்டுகளை முதலில் லேசாக மட்டும் பூட்டுங்கள். கார் தன் எடையில் நிற்கும்போதுதான் முழு இறுக்கம்.

சரி, உயரம். இரண்டு டயரிலும் காற்று சமமாக இருக்கட்டும். தரை மட்டமா என்று தண்ணீர்க் குழாய் வைத்துப் பாருங்கள். ஓட்டுபவர் சீட்டில் உங்கள் எடைக்கு மணல் மூட்டை வைத்து, டேங்கில் பாதி எரிபொருள் ஊற்றி, காரை முன்னும் பின்னும் உருட்டி, மூக்கைச் சில தடவை அமுக்கிவிட்டு அளக்க வேண்டும். கிட்டின் (பாகங்களாக வாங்கிப் பூட்டும் கார்த் தொகுப்பின்) கையேடு சொல்லும் உயரம் வரும்வரை ஸ்பிரிங் வளையத்தைத் திருப்புங்கள். அந்த நிலையில் விஷ்போன் எங்கே இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பலர் தாண்டிப் போகும் வேலை, பம்ப் ஸ்டியர், அதாவது சக்கரம் மேலும் கீழும் போகும்போது தானாகத் திரும்புவதைச் சரிசெய்வது. எனக்கு இதுதான் உயிரான பகுதி. மேடு பள்ளத்தில் ஸ்டீயரிங் தானாக இழுத்தால் எந்த அலைன்மென்ட்டும் காப்பாற்றாது. சேஸிஸை மறுபடி ஸ்டாண்டில் ஏற்றி ஸ்பிரிங்கைக் கழற்றுங்கள். ஸ்டீயரிங்கை நேராகப் பூட்டி, ஹப்பில் (சக்கரம் பூட்டும் மையத்தில்) ஒரு நேரான பலகையைக் கட்டுங்கள். குறித்த நிலையிலிருந்து 50 மி.மீ. மேலேயும் 50 மி.மீ. கீழேயும் ஜாக்கால் நகர்த்தி, பலகையின் முன்முனை எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். மேலே போகும்போது ஒரு பக்கமும் கீழே போகும்போது மறுபக்கமும் நகர்ந்தால், டை ராடின் (ராக்கையும் சக்கரத்தையும் இணைக்கும் கம்பியின்) ஒரு முனையின் உயரம் தப்பு. ராக் என்பது ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது இடவலமாக நகரும் பல்சட்டம். ராக்கின் அடியிலோ வெளிமுனையிலோ ஸ்பேசர் வைத்துச் சரிசெய்யலாம். இரண்டுக்கும் ஒரே பக்கம் நகர்ந்தால், ராக்கின் உள்மூட்டுகளுக்கு இடையிலான அகலம் பொருந்தவில்லை. அதற்கு ஸ்பேசர் உதவாது, ராக்கையே மாற்ற வேண்டும். என் காரில் ராக்கின் அடியில் 3 மி.மீ. தகடு வைத்ததும் நகர்வு ஏறக்குறைய நின்றுவிட்டது.

அப்புறம் ஸ்பிரிங்கைப் போட்டு, காரை இறக்கி, மூட்டைகளோடு காஸ்டர் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சின் சாய்வு), கேம்பர் (முன்னிருந்து பார்த்தால் சக்கரத்தின் சாய்வு), டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருப்பது) என்ற வரிசையில் போங்கள். முன்னதைத் தொட்டால் பின்னது மாறும். காஸ்டருக்கு மேல் விஷ்போனின் வாஷர்களை முன்பின் மாற்றுவது பொதுவான வழி. நான் 5 டிகிரி வைத்திருக்கிறேன். இரண்டு பக்கமும் சமமாக இருப்பது முக்கியம், இல்லாவிட்டால் கார் ஒரு பக்கம் இழுக்கும்.

கேம்பருக்குத் தூக்குக்குண்டு போதும். டயருக்கு வெளியே நூலைத் தொங்கவிட்டு, ரிம்மின் மேல் விளிம்புக்கும் கீழ் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளங்கள். விளிம்புகளுக்கு இடையே 350 மி.மீ. என்றால் 1 டிகிரிக்கு வித்தியாசம் சுமார் 6 மி.மீ. சக்கரத்தை அரைச் சுற்று உருட்டி மறுபடி அளந்து சராசரி எடுத்தால் ரிம்மின் கோணல் கழிந்துவிடும். நான் மேல்பக்கம் உள்ளே சாய்ந்தபடி 1 டிகிரி விட்டேன்.

டோவுக்குக் காரின் இரு பக்கமும் இணையாக நூல் கட்டி, முன்சக்கர ரிம்மின் முன், பின் விளிம்புகளை அளந்தால் போதும். முன்பக்கம் மொத்தம் 2 மி.மீ. உள்ளே.

புஷ் போல்ட்டுகளை இப்போது, கார் தரையில் நிற்கும்போதே இறுக்குங்கள். ராட் எண்டின் (கம்பி முனையில் இருக்கும் பந்து மூட்டின்) மரை, அதன் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது உள்ளே போயிருக்க வேண்டும். லாக் நட்டுகள் ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் ஒரு கோடு போடுங்கள். 100 கி.மீ. ஓட்டியதும் கோடு விலகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.